தாய் சி வீடியோ: உட்கார்ந்து பாருங்கள், அணைத்துவிட்டுச் செய்யுங்கள்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் 62 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஈரத் தரையைக் கண்டாலே பயம். பலதுறை மருந்தக மருத்துவர் ‘சமநிலைக்குப் பயிற்சி செய்யுங்கள், மெதுவாக அசையும் சீனப் பயிற்சியான தாய் சி நல்லது’ என்று சொல்ல, வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலை வகுப்பில் சேர்ந்தார். வாரம் ஒரு மணி நேரம். 24 நிலைகள் கொண்ட தாய் சி. ஆசிரியை எழுபதை நெருங்கும் சீன அம்மையார். மாண்டரினில்தான் சொல்லித் தருவார், இடையிடையே கொஞ்சம் ஆங்கிலம். வாசகிக்கு மாண்டரின் தெரியாது. சனிக்கிழமை கற்றது திங்கட்கிழமைக்குள் மறந்துபோகிறது என்று மகனிடம் சொன்னார். மகன் டிவியில் யூடியூப் வைத்துக் கொடுத்தார். மூன்று மாதமாக தினமும் காலை 45 நிமிடம், ஹாலில் யோகா பாயை விரித்து, டிவியில் வருபவரோடு சேர்ந்தே செய்கிறார்.

இப்போது சிக்கல்கள். வகுப்பில் எல்லோரும் ஒரு பக்கம் போனால் இவர் மறு பக்கம் போகிறார். ஆசிரியை நிறுத்தி, ‘இது யார் சொல்லிக் கொடுத்தது?’ என்று கேட்டபோது அவமானமாக இருந்ததாம். மூன்று வீடியோக்களில் ஒரே நிலையை மூன்று விதமாகச் செய்கிறார்கள். வலது முழங்காலின் உட்பக்கம், எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் இறங்கும்போது வலிக்கிறது. கணவரோ ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, டிவியை விடு’ என்கிறார். தோழி ஒருவர், வகுப்பில் ஆசிரியைக்குத் தெரியாமல் எடுத்த வீடியோவை அனுப்பி, ‘இதை யூடியூபில் போடலாமா?’ என்கிறார். இன்னொரு பக்கம், ‘12 வாரத்தில் முழுத் தேர்ச்சி, சான்றிதழ்’ என்று ஓர் இணைய வகுப்பின் விளம்பரம். வகுப்பை விட்டுவிட்டு அதில் சேரலாமா, வீடியோவையே விட்டுவிடலாமா, என் முழங்கால் போய்விட்டதா என்று மூன்று கேள்விகளோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள அக்காவுக்கு,

வீடியோவை விட வேண்டாம். வகுப்பையும் விட வேண்டாம். முழங்கால் போய்விடவில்லை என்றே நீங்கள் எழுதியதை வைத்து நினைக்கிறேன், ஆனால் அதை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாற்ற வேண்டியது ஒன்றுதான்: வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்வதை நிறுத்துங்கள். உட்கார்ந்து பாருங்கள். அணைத்துவிட்டு எழுந்து செய்யுங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். கீழே விழுந்து பயந்துபோனவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் என் அன்றாட வேலை. நானும் இதே 24 நிலைகளைத்தான் கற்றேன், தினமும் செய்கிறேன். வீடியோ பார்த்துக் கற்றுவிட்டு முழங்கால் வலியோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் யாரும் தவறான வீடியோவைப் பார்த்தவர்கள் இல்லை. நல்ல வீடியோவைத் தவறான நேரத்தில் பார்த்தவர்கள்.

முதலில் முழங்கால்

நீங்கள் எழுதிய இரண்டு சின்ன விவரங்கள் எனக்குப் போதுமான துப்பு தந்தன. ஒன்று யோகா பாய். மற்றொன்று, ‘அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை’ என்ற வரி.

தாய் சி மெதுவானதுதானே, அதில் என்ன வேகம் என்று மற்றவர்கள் கேட்கலாம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ‘காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்’ என்ற நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் முன்னால் உயர்த்தித் தாழ்த்தும் தொடக்க நிலைக்கு அடுத்தது அதுதான், மூன்று முறை வரும். முதல் முறை முடிந்ததும் எடை முன்காலில் இருக்கும். அடுத்ததற்குப் போக என்ன செய்ய வேண்டும்? எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். முன்கால் லேசானதும் அதன் பாதத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். திரும்பிய பாதத்தில் மறுபடி எடையை இறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பின்கால் எழும். எடை போவது, பாதம் திரும்புவது, எடை வருவது என மூன்று தனி வேலைகள். டிவியில் வருபவருக்கு இது நாற்பது ஆண்டுப் பழக்கம், மூன்றும் ஒரே ஓட்டமாகத் தெரியும். உங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு வேண்டும். வீடியோ காத்திருக்காது. நீங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே அவசரப்பட்டு, எடை முழுவதும் காலில் இருக்கும்போதே பாதத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். அப்போது பாதம் திரும்பாது, முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும்.

இதில் யோகா பாய் வேறு. அது வழுக்காமல் இருக்கவே செய்யப்பட்டது, பாதத்தைக் கவ்விப் பிடிக்கும். யோகாவில் அது நல்லது, அங்கே நின்ற இடத்தில் நிற்கிறோம். தாய் சியில் ஒவ்வொரு அடியிலும் பாதம் திரும்ப வேண்டும். பாய் பாதத்தைப் பிடித்துக்கொள்ள, மேலே உடம்பு திரும்ப, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். தினமும் 45 நிமிடம், மூன்று மாதம். உட்பக்கம் வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே பாயை இன்றே சுருட்டி வையுங்கள். வெறுங்காலும் வேண்டாம், காலுறையோடு டைல்ஸில் நிற்கவே வேண்டாம், விழுந்தவர் நீங்கள். தட்டையான, மெல்லிய அடிப்பாகம் உள்ள துணிக் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். குதிகால் உயர்ந்த, பஞ்சு மெத்தைபோல அமுங்கும் ஓட்டக் காலணி இதற்கு ஒத்துவராது, தரை எங்கே என்று பாதத்துக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு வாரத்துக்கு ஆழமாக உட்காரும் நிலைகளை விட்டுவிடுங்கள். ‘பாம்பு கீழிறங்குதல்’ நிலையில் டிவியில் வருபவர் தொடை தரையோடு ஒட்டுமளவு இறங்குகிறார், உங்களுக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். வரவே வேண்டாம் அக்கா. எவ்வளவு தாழ்வாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்பது தவறான எண்ணம். போட்டிக்குச் செய்பவர்கள் மதிப்பெண்ணுக்காக அப்படி இறங்குகிறார்கள். முழங்காலை லேசாக மடக்கி, கொஞ்சம் பக்கவாட்டில் எடையை மாற்றினாலே உங்கள் வயதுக்கு அந்த நிலை முழுமையானதுதான். முழங்கால் எப்போதும் கால்விரல் காட்டும் திசையிலேயே மடங்கட்டும், உள்பக்கம் சாயக் கூடாது. மடங்கும்போது விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகவும் கூடாது.

முழங்கால் வீங்கினாலோ, மடக்கியபின் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று கால் விட்டுப்போனாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்குமளவு வலித்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். உடனே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்தில் படி வலி குறையவில்லை என்றால் அங்கேயே காட்டி, பிசியோதெரபிக்குப் பரிந்துரை கேளுங்கள். விழுந்த கதையையும் சொல்லி, எலும்பு அடர்த்திச் சோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள். 62 வயதில் விழுந்த ஒரு பெண்ணுக்கு அது கேட்க வேண்டிய கேள்வி.

முழங்கால் வலிக்கிறது என்பதற்காகத் தாய் சியே ஆகாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரில் ஒரு பாதியினர் 12 வாரம் வாரத்துக்கு இரண்டு முறை தாய் சி வகுப்புக்குப் போனார்கள், மறு பாதியினர் பிசியோதெரபி எடுத்தார்கள். வலி குறைந்ததில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமம். என் தொழிலுக்கு இணையாக நின்ற பயிற்சி என்று இதை மனமாரச் சொல்கிறேன். முழங்காலைக் காக்கும் அதே அசைவு, எடையும் திருப்பமும் இடம் மாறினால் முழங்காலை வருத்தும். அவ்வளவுதான் விஷயம்.

இடது வலது ஏன் மாறிப்போனது

இது உங்கள் தவறே இல்லை. ஆசிரியை கேட்டதும் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்கு உங்கள் அசைவில் ஏதோ ஒரு ஒழுங்கு தெரிந்திருக்கிறது. மனம்போன போக்கில் செய்பவரிடம் ‘யார் சொல்லிக் கொடுத்தது’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நம்மைப் பார்த்து நிற்பவரின் இடது கை நமக்கு வலப்பக்கம் தெரியும். டிவியில் எதிரே நிற்பவரைக் கண்ணாடி பார்ப்பதுபோல அப்படியே பின்பற்றினால், அவர் இடது காலை வைக்கும்போது நாம் வலது காலை வைப்போம். 24 நிலைகளையும் அப்படியே கவிழ்த்துக் கற்றுவிடுவோம். சில வீடியோக்களில் பார்ப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று படத்தையே இடவலம் மாற்றிப் போட்டிருப்பார்கள். சிலவற்றில் ஆசிரியரே மாற்றிச் செய்வார். மூன்று வீடியோவில் மூன்று விதம் என்று எழுதினீர்களே, அதில் பாதிக் குழப்பம் இதனால்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. 24 நிலைத் தாய் சியில் முதல் அடி எப்போதும் இடது கால். சேர்ந்து நிற்கும் கால்களில் இடது காலைத் தோள் அகலத்துக்குப் பக்கவாட்டில் எடுத்து வைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. வீடியோவின் முதல் பத்து விநாடியை மட்டும் பாருங்கள். எதிரே நிற்பவர் திரையின் வலப்பக்கத்தில் உள்ள காலை நகர்த்தினால் படம் சரி. இடப்பக்கத்துக் கால் நகர்ந்தால் படமோ ஆளோ மாறியிருக்கிறது. பின்னால் சுவரில் உள்ள எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். உங்களுக்கு நல்லது, முதுகு காட்டிச் செய்யும் வீடியோதான். அதில் அவர் இடதும் உங்கள் இடதும் ஒன்று. வகுப்பில் ஆசிரியைக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. தாய் சி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு செய்வது இல்லை. 24 நிலைகளில் தொடக்கத்தில் டிவியைப் பார்த்து நிற்பீர்கள். அடுத்த நொடியே இடப்பக்கம் திரும்பி அந்தத் திசையில் நடக்கத் தொடங்கிவிடுவீர்கள். டிவி இப்போது உங்கள் வலது தோளுக்குப் பக்கத்தில். ‘குருவியின் வாலைப் பிடித்தல்’ ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம். பிறகு ‘மேகக் கைகள்’. அதற்கப்புறம் வலது கால் உதை, அடுத்து உடம்பைத் திருப்பி இடது கால் உதை, அங்கிருந்து வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். இத்தனை திருப்பத்திலும் கண் டிவியிலேயே இருக்க வேண்டுமென்றால் கழுத்து என்னவாகும்? இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். சமநிலையைக் காப்பதில் கண்ணுக்கும் கழுத்துக்கும் பெரும் பங்கு. பார்வை முன்னால் போகிற கையைத் தொடர வேண்டும் என்று ஆசிரியைகள் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது தலையைச் சட்டென்று டிவி பக்கம் திருப்பினால், விழுந்த பயத்தைப் போக்க வந்த பயிற்சியிலேயே மறுபடி விழுவீர்கள். இதைத்தான் நான் உங்கள் விஷயத்தில் மிகவும் அஞ்சுகிறேன்.

எந்த வீடியோ, எவ்வளவு நேரம்

வெவ்வேறு வீடியோக்கள் ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தாய் சி ஒன்றல்ல. ஹெனான் மாநிலத்தின் சென்ஜியாகோ கிராமத்தில் வளர்ந்த சென் பாணி, அங்கே கற்ற யாங் லுசான் வழி வந்த யாங் பாணி, வூ, சுன் என்று பல வழிகள். நீங்கள் கற்கும் 24 நிலைகள் 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, நீளமான யாங் பாணியைச் சுருக்கி, பொதுமக்கள் எளிதாகக் கற்க உருவாக்கியது. முழுவதும் செய்ய ஐந்து, ஆறு நிமிடம் போதும். ஆகவே ‘தாய் சி’ என்று மட்டும் தேடினால் எது வேண்டுமானாலும் வரும். சென் பாணியில் காலை ஓங்கித் தரையில் மிதிப்பார்கள், அதைப் பார்த்து நீங்கள் செய்துவிடக் கூடாது.

ஆசிரியையிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ‘லாவ்ஷி, எந்த வீடியோ உங்கள் முறைக்குப் பொருந்தும்?’ லாவ்ஷி என்றால் ஆசிரியர். பெரும்பாலும் அவரிடமே ஒரு பதில் இருக்கும். இந்த 24 நிலைகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் லி தியான்ஜி. அவருடைய அண்ணன் தம்பி வழியில் மகன் முறையான லி தேயின், பெய்ஜிங் ரென்மின் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தாய் சி கற்பித்தவர். அவர் செய்துகாட்டும் வீடியோக்களைத்தான் பல நாட்டு ஆசிரியர்கள் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆசிரியை அதிலிருந்து கொஞ்சம் மாறிச் செய்தாலும் ஆசிரியை சொல்வதே உங்களுக்குச் சரி. முழங்கால் அடங்காவிட்டால், சிட்னியில் குடும்ப மருத்துவராக இருந்த பால் லாம் 1997இல் மூட்டுவலிக்காரர்களுக்காக வகுத்த பயிற்சியைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். நிமிர்ந்த நிலையில் செய்யும் சுன் பாணியை ஒட்டியது அது, முழங்காலுக்கு இதமானது.

ஒரே ஒரு வீடியோவை வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பார்த்தால் நிறைய தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றும். இந்தக் கட்டத்தில் அது குழப்பத்தைத்தான் கூட்டும்.

அதை எப்படிப் பயன்படுத்துவது? சனிக்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், சமையலுக்குப் போகும் முன், ஒரு நோட்டில் அன்று கற்றதைத் தமிழில் மூன்று வரி எழுதுங்கள். ‘பின்னால் சாய், இடது பாதம் வெளியே, பந்து பிடி’ என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி. மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய பகுதியை மட்டும், 20 அல்லது 30 விநாடி, மூன்று முறை பாருங்கள். முதல் முறை பாதங்களை மட்டும். இரண்டாம் முறை இடுப்பு எப்போது திரும்புகிறது என்று மட்டும். கைகளைக் கடைசியாகப் பாருங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம், இசையை நிறுத்திவிடுங்கள். பிறகு டிவியை அணையுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள், அதனால் எழுந்ததும் ஒரு நிமிடம் சும்மா நின்று, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்தபின் செய்யுங்கள். எங்கே மறக்கிறதோ அங்கே நில்லுங்கள். நினைவுபடுத்த முயலுங்கள். வரவில்லையென்றால் மறுபடி உட்கார்ந்து பாருங்கள். அப்படி முயன்று நினைவுக்குக் கொண்டுவந்த அசைவு மறப்பதில்லை. டிவியோடு சேர்ந்து செய்யும்போது நினைவு வைத்துக்கொள்ளும் வேலையை டிவியே செய்துவிடுகிறது. சனிக்கிழமை வகுப்பில் டிவி இல்லாதபோது மனம் வெறுமையாகிவிடுகிறது. மூன்று மாதம் தினமும் செய்தும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள், இதுதான் காரணம்.

45 நிமிடம் வேண்டாம். காலை 15, மாலை 15. ஹால் நீளம் போதாவிட்டால் மூன்று நிலை செய்து, நடந்து பழைய இடத்துக்கு வந்து, மேலே தொடருங்கள். டீப்பாயை ஓரமாக நகர்த்திவிடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் உறுதியான நாற்காலி ஒன்று இருக்கட்டும். உதை நிலைகளை வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், உதையின் உயரம் கணுக்கால் அளவு போதும்.

வீடியோ காட்டாத ஒன்று

பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் ஒருவர் முன்னால் அடி வைப்பதைப் பார்த்தால், இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருப்பதுபோலத் தெரியும். பலர் அதைப் பார்த்து, கயிற்றின்மேல் நடப்பதுபோல ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைக்கிறார்கள். உடனே உடம்பு ஆடும். ‘எனக்கு நிலையே இல்லை’ என்று வருந்துவார்கள்.

என்னிடம் வந்த ஓர் அம்மாவும் இப்படித்தான். தரையில் பேப்பர் டேப்பை இரண்டு கோடாக ஒட்டினேன், இடையில் ஒரு சாண் அகலம். ரயில் தண்டவாளம் மாதிரி. இடது பாதம் இடது கோட்டில், வலது பாதம் வலது கோட்டில் என்று நடக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே தோள் தளர்ந்து இறங்கியது. அதுவரை விழாமல் இருக்கத் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. நீங்களும் ஹாலில் ஒட்டிப் பாருங்கள்.

எடை எந்தக் காலில் எவ்வளவு இருக்கிறது என்பதும் படத்தில் தெரியாது. தொளதொள பட்டுக் கால்சட்டை முழங்காலையே மறைத்துவிடும். ஆசிரியை உங்கள் இடுப்பில் இரண்டு விரல் வைத்து லேசாகத் தள்ளிப் பார்ப்பாரே, அப்போதுதான் அது தெரியும். வகுப்பை விட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், விழும் அபாயம் உள்ள, 70 வயது கடந்த 670 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஆறு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை பயிற்சி கொடுத்தார்கள். தாய் சிக் குழுவினர் விழுந்தது, உடலை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் விழுந்ததில் பாதிக்கும் குறைவு. அவர்கள் வகுப்பில் ஆசிரியரோடு செய்தவர்கள். சமூக மன்றத்தில் வாரம் இரண்டாவது வகுப்பு இருந்தால் அதிலும் சேர முடியுமா என்று கேளுங்கள். டிவி முன்னால் செலவிடும் நேரத்தைவிட அது உங்களுக்குப் பல மடங்கு பயன் தரும்.

தோழி எடுத்த வீடியோவும், சான்றிதழ் வகுப்பும்

ஆசிரியைக்குத் தெரியாமல் எடுத்த வீடியோவை யூடியூபில் போட வேண்டாம். தோழியிடம் அன்பாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். அதில் மற்ற மாணவர்களும் இருப்பார்கள். எழுபது வயதில் உடம்பு சரியில்லாமல் வகுப்புக்கு வரும் ஒருவர், தன் தடுமாற்றம் ஊருக்கே தெரியட்டும் என்று சம்மதித்திருக்க மாட்டார். ஆசிரியைக்கும் தன் முறையை எங்கே, யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் உரிமை உண்டு.

ஆனால் அவரிடம் நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். ‘லாவ்ஷி, கெ யி லூ ஷியாங் மா?’ என்று கேளுங்கள். ‘வீடியோ எடுக்கலாமா?’ என்று அர்த்தம். அவர் மட்டும், முதுகு காட்டி, அன்றைய இரண்டு நிலையை மட்டும் செய்யச் சொல்லி எடுங்கள். பாதங்கள் முழுதாகத் தெரிய வேண்டும். உங்கள் சொந்தப் பயிற்சிக்கு மட்டும் என்று சொல்லுங்கள், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உலகில் உள்ள எந்த வீடியோவைவிடவும் உங்களுக்குப் பொருத்தமானது அதுதான். உங்கள் கணவரின் சுரைக்காய்க்கும் அதுவே பதில்: அது ஏட்டில் வரைந்தது இல்லை, உங்கள் தோட்டத்திலேயே காய்த்தது.

சான்றிதழ் வகுப்பைப் பொறுத்தவரை, உங்களுக்குத் தேவை விழாமல் நடப்பது. சான்றிதழ் அதற்கு எதுவும் செய்யாது. 12 வாரத்தில் வரிசை மனப்பாடமாகலாம், தேர்ச்சி என்பது வேறு. எதிரில் உட்கார்ந்து உங்கள் அசைவைப் பார்த்துத் திருத்தும் நேரலை வகுப்பா, பதிவுசெய்த வீடியோக்களா என்று பாருங்கள். பதிவுகள் மட்டும் என்றால் பணம் கட்ட வேண்டாம். நேரலை என்றாலும் வகுப்புக்குப் பதிலாக வேண்டாம், கூடுதலாக வேண்டுமானால் யோசிக்கலாம். அப்போதும் பாதியில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அப்புறம், அப்படிக் காசு கொடுத்து வாங்கிய வீடியோவைத் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது பதிப்புரிமை மீறல், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

கவிழ்த்துக் கற்றதை என்ன செய்வது என்ற கவலை உங்களுக்கு இருக்கும். பயப்பட வேண்டாம். நன்றாகத் தேறியவர்கள், உடம்பின் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே இடவலம் மாற்றிச் செய்து பழகுவார்கள். உங்களுக்கு அது முன்கூட்டியே வந்திருக்கிறது. இப்போதைக்கு அதை ஓரமாக வைத்துவிட்டு, முதல் மூன்று நிலைகளை மட்டும் வகுப்பின் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் அதற்கே போனாலும் பரவாயில்லை.

இந்தச் சனிக்கிழமை பத்து நிமிடம் முன்னதாகவே போங்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஆசிரியையிடம் சொல்லுங்கள், வார்த்தை வராவிட்டால் தொட்டுக் காட்டினால் போதும். டிவியைப் பார்த்து மாற்றிக் கற்றுவிட்டேன் என்பதையும் மறைக்க வேண்டாம், ஒரு முறை செய்து காட்டுங்கள், அவருக்குப் புரிந்துவிடும். பிறகு அவருக்குப் பின்னால், நேர் பின்னால், போய் நின்றுகொள்ளுங்கள். முதல் அடி இடது கால், அக்கா.